“ஹார்மோனை சரி பண்ணும்”னு சொன்னா, எந்த ஹார்மோன்னு கேளுங்க

நேத்து ராத்திரியே உங்க கேள்வியை படிச்சுட்டேன்மா, போன்ல தட்டி மாளாதுன்னு இன்னைக்கு நிதானமா உக்காந்து எழுதுறேன். நீங்க கேட்டது சுருக்கமா இதுதான்: உங்களுக்கு வயசு 28, கல்யாணமாகி ரெண்டு வருஷம், ஸ்கேன்ல பிசிஓடின்னு (சினைப்பைல நீர்க்கட்டின்னு சொல்லுவாங்களே, அது) வந்திருக்கு, தைராய்டுக்கு 50 மைக்ரோகிராம் தைராக்சின் மாத்திரை போடுறீங்க. மாமியார் மாசாமாசம் பீரியட்ஸ் ஆரம்பிக்கிற நாள்ல இருந்து மூணு நாளைக்கு மலைவேம்பு சாறு குடுக்குறாங்க, காலைல கழற்சிக்காய் பொடி, ராத்திரி ரெண்டு பேருக்கும் அமுக்கரா (அஸ்வகந்தா) லேகியம், வீட்டுக்காரருக்கு தனியா பூனைக்காலி பொடி. இப்போ டாக்டரம்மா முட்டை வளர லெட்ரோசோல் எழுதியிருக்காங்க. எல்லாத்தையும் சேத்து சாப்பிடலாமா, மூலிகை நிஜமாவே ஹார்மோனை மாத்துமா, இல்ல எல்லாம் மனசு சமாதானத்துக்குதானா.

மொதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். எங்க தாத்தா விருதுநகர் பக்கம் நாட்டு மருந்து கடை வெச்சிருந்தாரு, நான் வளர்ந்ததே அந்த இழுப்பறைங்களுக்கு நடுவுலதான், படிச்சது பார்மகாலஜி (மருந்தியல்). அதனால சொந்தக்காரங்க யாருக்கு “விசேஷம்” தள்ளிப்போனாலும் போன் எனக்குதான் வரும். நான் டாக்டர் கிடையாது, உங்க ரிப்போர்ட்டை பார்த்தவனும் கிடையாது, அதை மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

மூலிகை ஹார்மோனை மாத்துமான்னா, சிலது கண்டிப்பா மாத்தும். அதுல சந்தேகமே வேண்டாம். 1940கள்ல மேற்கு ஆஸ்திரேலியாவுல செம்மறி ஆடுங்களுக்கு ஒரு வகை தீவனப்புல்லு, க்ளோவர்னு சொல்லுவாங்க, நம்ம பயறு குடும்பத்து செடிதான், அதை மேய விட்டாங்க. ஆடு நல்லா கொழுத்துச்சு, ஆனா குட்டி போடல. கர்ப்பப்பை வெளிய தள்ளுச்சு. விதையடிச்ச கிடாங்களுக்கு கூட மடி விட்டு பால் சுரந்துச்சுன்னா பாத்துக்கோங்க. அந்த செடில இருந்த ஒரு பொருள் ஆட்டு வயித்துக்குள்ள போயி ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் மாதிரி வேலை செஞ்சிருக்கு. அதே மாதிரி சீனாவுல சில ஊர்ல சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெயில சமைச்சு சாப்பிட்டவங்களுக்கு குழந்தை பொறக்காம போச்சு, அதுல இருக்கிற காசிபோல்ங்கற பொருள்தான் காரணம்னு தெரிஞ்சதும் 1970கள்ல ஆம்பளைங்களுக்கான கருத்தடை மாத்திரையாவே ஆயிரக்கணக்கானவங்களுக்கு குடுத்து பார்த்தாங்க, விந்தணு நின்னுச்சு, ஆனா ரத்தத்துல பொட்டாசியம் இறங்குச்சு, சிலருக்கு நிறுத்தின பிறகும் விந்தணு திரும்ப வரவே இல்ல, அதோட கைவிட்டாங்க. (மதுரைக்காரங்க பருத்திப்பாலை நினைச்சு பதறவேண்டாம், சூடு பண்ணறப்போ காசிபோல்ல பெரும்பங்கு புரதத்தோட ஒட்டிக்கும், எப்பவாவது குடிக்கிற ஒரு டம்ளருக்கும் தினம் மாசக்கணக்குல மாத்திரையா விழுங்கறதுக்கும் சம்பந்தமே இல்ல.)

ஏன் இதை சொல்றேன்னா, நம்ம ஊர்ல மூலிகைன்னா “நல்லது செய்யும், இல்லாட்டி சும்மா இருக்கும்”னு ஒரு நினைப்பு. ஹார்மோனை தொடுற செடி ரெண்டு பக்கமும் தள்ளும். யாராவது “ஹார்மோனை பேலன்ஸ் பண்ணும்”னு சொன்னா நான் கேக்கற முதல் கேள்வி, எந்த ஹார்மோனை, கூட்டுதா குறைக்குதா? இதுக்கு பதில் சொல்ல முடியாதவங்க கிட்ட நான் மருந்து வாங்க மாட்டேன்.

நம்ம உடம்புல இது எப்படி ஓடுதுன்னா மொட்டைமாடி டேங்க் மாதிரி. மூளைல ஹைபோதலாமஸ், அதுக்கு கீழ பிட்யூட்டரி, இது மோட்டார். அங்கிருந்து எஃப்எஸ்ஹெச், எல்ஹெச்னு ரெண்டு ஹார்மோன் இறங்கி சினைப்பையை (ஆம்பளைங்களுக்கு விதைப்பையை) வேலை வாங்கும். சினைப்பைல ஈஸ்ட்ரோஜன் ஏறுனா மேல தகவல் போகும், டேங்க் நிரம்பிடுச்சு மோட்டாரை அமத்துன்னு. கருத்தடை மாத்திரை வேலை செய்யறதே இப்படித்தான், வெளிய இருந்து ஹார்மோன் குடுத்து மூளையை ஏமாத்துறது. இப்போ ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடிக்கிற செடிச்சத்தை நிறைய உள்ள தள்ளுனா என்ன ஆகும், சென்சார்ல கைய வெச்ச மாதிரிதான், மோட்டார் ஓடவும் ஓடலாம் நிக்கவும் நிக்கலாம், அளவையும் நாளையும் பொறுத்தது.

இதுக்கு உங்க லெட்ரோசோலே அருமையான உதாரணம். ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனா மாத்துற ஒரு என்சைம் இருக்கு, லெட்ரோசோல் அதை அடைக்கும். பீரியட்ஸ் வந்த ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ ஆரம்பிச்சு அஞ்சே நாள் குடுத்தா ஈஸ்ட்ரோஜன் கொஞ்சம் இறங்கும், மூளை “டேங்க் காலி”ன்னு நினைச்சு எஃப்எஸ்ஹெச்சை அனுப்பும், முட்டை வளரும். அமெரிக்காவுல பிசிஓஎஸ் (பிசிஓடியோட இன்னொரு பேரு) இருக்கிற 750 பெண்கள்ல பண்ண ட்ரையல் 2014ல வந்துச்சு, லெட்ரோசோல் எடுத்தவங்கள்ல 100க்கு 27 பேருக்கு மேல குழந்தை பொறந்துச்சு, பழைய மாத்திரை க்ளோமிஃபீன்ல 19. சரி, இதே லெட்ரோசோலை எலிக்கு வாரக்கணக்குல விடாம தினமும் குடுத்தா என்ன ஆகும் தெரியுமா? ஆண் ஹார்மோன் தேங்கி எலிக்கு பிசிஓஎஸ் வந்துடும். ஆய்வகங்கள்ல எலிக்கு பிசிஓஎஸ் வரவெக்கறதே பல நேரம் இதை வெச்சுத்தான். ஒரே மருந்து, அஞ்சு நாள் குடுத்தா வைத்தியம், விடாம குடுத்தா வியாதி. மாத்திரைக்கே இப்படின்னா, ஒரு கைப்பிடி இலைல எவ்வளவு சத்து இருக்குன்னு யாருக்கும் தெரியாத சாறை பத்தி யோசிச்சு பாருங்க.

இனி உங்க லிஸ்டுக்கு வரேன்.

கழற்சிக்காய். சாம்பல் கலர்ல கோலிக்குண்டு மாதிரி வழவழன்னு இருக்கும், சின்ன வயசுல அதை சிமெண்ட் தரையில பரபரன்னு தேச்சு பக்கத்துல இருக்கிறவன் கைல சூடு வெப்போம். உடைக்கறதுக்குள்ள போதும்போதும்னு ஆயிடும், தாத்தா கடையில அதுக்குன்னே ஒரு பழைய இரும்பு உலக்கை கெடந்துச்சு. உள்ள இருக்கிற பருப்பு நாக்குல வெச்சா அரைமணி நேரம் கசப்பு போகாது. சித்த மருத்துவத்துல இது விரைவீக்கத்துக்கும், காய்ச்சலுக்கும், வயித்து வாயுவுக்கும் ரொம்ப காலமா இருக்கிற மருந்து, மிளகோட சேத்துதான் குடுப்பாங்க. பிசிஓடிக்கு இது ஃபேமஸ் ஆனதெல்லாம் பெரும்பாலும் யூட்யூப் வந்த பிறகு. எலிகள்ல பண்ண ஆய்வுகள்ல சர்க்கரை குறையறது, சுழற்சி திரும்ப வரதுன்னு நல்ல விஷயங்கள் வந்திருக்கு, ஆனா லெட்ரோசோலுக்கு இருக்கிற மாதிரி ஆதாரம் இதுக்கு இருக்குன்னு யாராவது சொன்னா அது பொய்.

அதோட “நீர்க்கட்டியை கரைக்கும்”ங்கற வார்த்தையே தப்பு. பிசிஓடில ஸ்கேன்ல முத்துமாலை மாதிரி தெரியறது கட்டியே இல்லமா. ரெண்டுல இருந்து ஒம்போது மில்லிமீட்டர் வரைக்கும் வளர்ந்து, மேல வளராம நின்னு போன முட்டைப்பைகள். ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு முட்டை இருக்கு. அதை எதுக்கு கரைக்கணும்? நாம பண்ணவேண்டியது அதுல ஒண்ணை 18, 20 மில்லிமீட்டர் வரைக்கும் வளர வெச்சு வெடிக்க வெக்கறது. அது ஏன் நின்னுச்சுன்னா பலருக்கு இன்சுலின் சரியா வேலை செய்யல, ரத்தத்துல இன்சுலின் ஏறுது, அது சினைப்பையை தூண்டி ஆண் ஹார்மோனை அதிகமா சுரக்க வெக்குது, முகத்துல முடி, தாடைல பரு, பீரியட்ஸ் தள்ளிப்போறது எல்லாம் அதுல இருந்துதான். எடை கூட இருக்கிறவங்க அஞ்சுல இருந்து பத்து சதவீதம் கொறைச்சாலே, அதாவது 70 கிலோ இருந்தா மூணரைல இருந்து ஏழு கிலோ, நிறைய பேருக்கு முட்டை தானா வெடிக்க ஆரம்பிக்கும். நீங்க எடை எழுதல, அதனால இதுக்கு மேல சொல்லல. கசப்பு பொடியை முகம் சுளிச்சு முழுங்கறவங்க ராத்திரி ஒம்போது மணி பரோட்டாவை விடமாட்டேங்கறாங்க, இது உங்களை சொல்லல, எங்க வீட்டு கதை.

மலைவேம்பு. இதுல எனக்கு உண்மையாவே பயம் இருக்கு. மலைவேம்புன்னு நர்சரில ப்ளைவுட்டுக்காக விக்கிற மரம் ஒண்ணு, மீலியா டூபியா. அதே குடும்பத்துல அக்கா தங்கச்சி மாதிரி இன்னொரு மரம் மீலியா அசிடராக், அதையும் நம்ம ஆளுங்க சில ஊர்ல மலைவேம்புன்னுதான் சொல்றாங்க. ரோட்டோரத்துல அழகுக்கு வெச்சிருப்பாங்க, ஊதா கலர்ல பூ பூக்கும், மஞ்சக்காய் கொத்துக்கொத்தா தொங்கும். அதோட பழம் நச்சு, பன்னி சாப்பிட்டு செத்திருக்கு, மனுஷங்களுக்கும் வாந்தி வலிப்புன்னு வந்திருக்கு. இலையை பறிச்சு அரைச்சு வடிகட்டி டம்ளர்ல ஊத்துன பிறகு எது எதுன்னு யாரால சொல்ல முடியும்? உங்க மாமியார் எந்த மரத்துல பறிக்கிறாங்கன்னு ஒரு தடவை போயி பாருங்க, பூவையும் காயையும் போட்டோ எடுத்து ஒரு பாட்டனி வாத்தியார் கிட்ட காட்டுங்க. இலை கிடைக்கலன்னு சாதா வேப்பிலைய அரைச்சு குடுக்கறவங்களும் இருக்காங்க, அது இன்னும் வேடிக்கை. வேப்ப எண்ணெய் விந்தணுவை கொல்லும்னு நம்ம நாட்டுலயே கண்டுபிடிச்சு, டெல்லியில அதை வெச்சு கருத்தடை மருந்தே செஞ்சு பார்த்தாங்க. செம்பருத்தியும் அப்படித்தான், “கர்ப்பப்பைக்கு பலம்”னு வெறும் வயித்துல பத்து பூ மெல்ல சொல்றாங்க, 1970கள்ல காசி பல்கலைக்கழகத்துல அதே பூவோட சாரத்தை எலிக்கு குடுத்து கரு ஒட்டாம தடுக்குதான்னு ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தாங்க. எலிக்கு குடுத்த சாரம் வேற, நாம மெல்லற பூ வேற, ஒத்துக்கறேன். ஆனாலும் குழந்தை வேணும்னு சாப்பிடறதுக்கு அதைவிட நல்ல பொருள் எத்தனையோ இருக்கு.

அமுக்கரா. இதுக்கு கொஞ்சம் கனமான ஆதாரம் இருக்கு, ஆம்பளைங்களுக்கு. 2013ல வந்த ஆய்வு, விந்தணு எண்ணிக்கை குறைவா இருந்த 46 பேர், தினம் 675 மில்லிகிராம் வேர்ச்சாரம், 90 நாள். வேர் எடுத்தவங்களுக்கு எண்ணிக்கை சராசரியா 167 சதவீதம் ஏறுச்சு. கேக்க பிரமாதமா இருக்கும், ஆனா 46 பேர்ங்கறது ஒரு டவுன்பஸ் கூட்டம், அதுவும் எண்ணிக்கை ஏறினதை சொல்லுது, அதனாலயே குழந்தை பொறந்துச்சுன்னு சொல்லல. இருந்தாலும் உங்க வீட்டுக்காரர் சாப்பிடறதுக்கு நான் ஆட்சேபம் சொல்ல மாட்டேன், ஈரல் பிரச்சனை இல்லாம இருந்தா. ஈரல்னு ஏன் சொல்றேன்னா அமுக்கரா மாத்திரை எடுத்து மஞ்சக்காமாலை வந்த கேஸுங்க ஐஸ்லாந்துலயும் அமெரிக்காவுலயும் பதிவாயிருக்கு, கண்ணு மஞ்சளானா, யூரின் காபி கலர்ல போனா உடனே நிறுத்தணும்.

உங்களுக்குதான் அமுக்கரா வேண்டாம்ங்கறேன். ரெண்டு காரணம். ஒண்ணு, அது தைராய்டு ஹார்மோனை கூட்டும். நீங்க ஏற்கனவே தைராக்சின் போடுறீங்க, ரெண்டும் சேந்தா படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரலாம், அதைவிட மோசம் தைராய்டு நிலைமையை காட்டுற டிஎஸ்ஹெச் ரிப்போர்ட் குழம்பி போயி டாக்டர் மாத்திரை அளவை தப்பா மாத்திடுவாங்க. கருத்தரிக்கிற நேரத்துல தைராய்டு அளவு ஆடக்கூடாது. ரெண்டாவது, கர்ப்பத்துல அமுக்கரா ஆகாதுன்னு எச்சரிக்கை இருக்கு. டென்மார்க் 2023ல அமுக்கரா கலந்த பொருளையே தடை பண்ணுச்சு, தைராய்டையும் பாலின ஹார்மோனையும் பாதிக்கலாம், கரு கலையற ஆபத்து இருக்கலாம்னு அவங்க பல்கலைக்கழகம் ஒண்ணு குடுத்த அறிக்கையை வெச்சு. அவங்க ரொம்ப ஜாக்கிரதைக்காரங்கன்னே வெச்சுக்கோங்க, ஆனா மாசாமாசம் கர்ப்பமாக முயற்சி பண்ற ஒரு பொண்ணு கரு உருவான முதல் ரெண்டு வாரம் தனக்கே தெரியாம லேகியம் சாப்பிட்டுட்டுதான் இருப்பா.

பூனைக்காலி. இந்த லிஸ்டுல எந்த ஹார்மோன், எந்த பக்கம்னு தெளிவா பதில் சொல்ற ஒரே சரக்கு. காய் மேல இருக்கிற முடி பட்டா சொறிஞ்சே உயிர் போயிடும், அதனால விதையை பால்ல வேகவெச்சு தோலை உரிச்சு சுத்தி பண்ணித்தான் பொடிப்பாங்க. அந்த விதைல எல்-டோபா இருக்கு, பார்க்கின்சன்ஸ் நோய்க்கு குடுக்கிற அதே எல்-டோபா. அது மூளைல டோபமைனா மாறும், டோபமைன் ப்ரோலாக்டின்ங்கற ஹார்மோனை அடக்கும். ப்ரோலாக்டின் பால் சுரக்க வெக்கறது, பால் குடுக்கிற தாய்க்கு அது அதிகமா இருக்கறதாலதான் சீக்கிரம் அடுத்த குழந்தை தங்காது. ஆம்பளைக்கு அது ஏறுனா டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன் விழும். லக்னோவுல மருத்துவப் பல்கலைக்கழகத்துல குழந்தை இல்லாத ஆம்பளைங்களுக்கு தினம் 5 கிராம் பூனைக்காலி பொடி மூணு மாசம் குடுத்து பார்த்து 2009ல வெளியிட்டாங்க, ப்ரோலாக்டின் இறங்குச்சு, டெஸ்டோஸ்டிரோனும் எல்ஹெச்சும் ஏறுச்சு, விந்தணுவும் ஏறுச்சு. இங்க்லீஷ் மருந்துல காபர்கோலின் செய்யற வேலையைத்தான் இது வேற வழில செய்யுது. அப்போ ப்ரோலாக்டின் நார்மலா இருக்கிறவருக்கு இதுல என்ன பெருசா கிடைக்கும்னு நீங்களே யோசிங்க. இன்னொண்ணு, மனநோய்க்கு மாத்திரை போடறவங்க இதை தொடவே கூடாது, அந்த மாத்திரைங்கள்ல பலது டோபமைனை அடக்கறதுக்குன்னு குடுக்கிறது, இது எதிர்ப்பக்கம் இழுக்கும்.

வீட்டுக்காரர் விஷயத்துல இன்னொரு கணக்கு இருக்கு. ஒரு விந்தணு உருவாக 74 நாள் ஆகும், அது வெளிய வர பாதை எல்லாம் சேத்து ஏறக்குறைய மூணு மாசம். நம்ம ஆளுங்க ஒரு மண்டலம்னு 48 நாள் சாப்பிட்டுட்டு டெஸ்ட் எடுத்து “ஒண்ணும் ஏறல”ன்னு கடையை மாத்துவாங்க. இதுக்கு நேர்மாறாவும் நடக்கும். எங்க ஒண்ணுவிட்ட மாமா பையனுக்கு மில்லிக்கு 8 மில்லியன்தான்னு வந்துச்சு, 16 மில்லியன் இருக்கணும் இப்போ இருக்கிற உலக சுகாதார அமைப்பு அளவுப்படி. வீடே இடிஞ்சு போச்சு, ஒரு வைத்தியர் கிட்ட பல ஆயிரத்துக்கு லேகியம், மூணு மாசத்துல பார்த்தா 30 மில்லியன். வைத்தியருக்கு வேட்டி சட்டை எடுத்து குடுத்து கும்பிட்டு வந்தாங்க. நான் ஒரு கேள்விதான் கேட்டேன், மொத டெஸ்ட்டுக்கு முன்னாடி காய்ச்சல் ஏதாவது வந்துச்சான்னு. ஆமா, டெங்குல பத்து நாள் படுத்திருந்தான். கடும் காய்ச்சல் வந்தா அடுத்த ரெண்டு மூணு மாசத்துக்கு எண்ணிக்கை படுத்துடும், அப்புறம் தானா எழுந்துக்கும். லேகியம் நல்ல நேரத்துல வந்து பேர் வாங்கிட்டு போயிடுச்சு. அதனால ஒரு ரிப்போர்ட்டை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, சில வாரம் இடைவெளில ரெண்டு தடவை எடுக்கணும். அவருக்கு இதுவரைக்கும் ஒரு தடவையாவது எடுத்தீங்களா? எழுதவே இல்ல. குழந்தை தங்காத ஜோடிங்கள்ல கிட்டத்தட்ட பாதில ஆம்பளை பக்கமும் காரணம் இருக்கு, 200 ரூவாயோ 500 ரூவாயோ ஆகற அந்த டெஸ்ட்டை விட்டுட்டு பொண்ணுங்க வாயில சாறு ஊத்தறதுதான் நம்ம ஊர் வழக்கமா போச்சு.

இதே மாதிரி பேர் வாங்கற விஷயம் பொண்ணுங்க பக்கமும் இருக்கு. எந்த வைத்தியமும் பண்ணாம 100 ஜோடி முயற்சி பண்ணா ஒரு வருஷத்துல 80, 85 பேருக்கு தங்கும், மீதில பாதி பேருக்கு ரெண்டாவது வருஷத்துல. அப்போ ஒரு வருஷம் பொறுத்துட்டு ஏதோ ஒரு வேரை சாப்பிட ஆரம்பிச்ச 15 பேர்ல ஏழு பேர் எப்படியும் முழுகாம இருக்கத்தான் போறாங்க. அந்த ஏழு பேர் ஊர் பூரா சொல்லுவாங்க. மீதி எட்டு பேர் வாயே திறக்க மாட்டாங்க. எங்க சித்தி பொண்ணு அந்த எட்டுல ஒருத்தி, நாலு வருஷம் சாறு, லேகியம், கோயில் கோயிலா பரிகாரம். கடைசில கருக்குழாய்ல மருந்து விட்டு எக்ஸ்ரே எடுத்தா ரெண்டு பக்கமும் அடைப்பு, எப்பவோ வந்து தெரியாமலே போன டிபி. நம்ம நாட்டுல கருக்குழாய் அடைப்புக்கு டிபி ஒரு பெரிய காரணம். அந்த அடைப்பை எந்த இலையும் திறக்காது. 27 வயசுல அந்த எக்ஸ்ரே எடுத்திருந்தா அவளுக்கு கையில நாலு வருஷம் மிச்சம் இருந்திருக்கும், நினைச்சா இன்னைக்கும் வயிறு எரியும்.

சின்னச்சின்னதா சிலது. தண்ணீர்விட்டான் கிழங்கு, வெந்தயம் ரெண்டுலயும் “இயற்கை ஹார்மோன்” இருக்குன்னு விளம்பரம் பண்றாங்க. டயோஸ்ஜெனின் மாதிரி சப்போனின் சத்து இருக்கறது வாஸ்தவம், 1940கள்ல ரஸல் மார்க்கர்னு ஒரு வேதியியல்காரர் மெக்சிகோவுல காட்டு வள்ளிக்கிழங்குல இருந்து டயோஸ்ஜெனினை எடுத்து ப்ரோஜெஸ்டிரோன்ங்கற பெண் ஹார்மோனை செஞ்சாரு, பின்னாடி கருத்தடை மாத்திரை பொறந்ததுக்கே அந்த கிழங்கு ஒரு காரணம். ஆனா அந்த மாத்தத்தை ஆய்வகத்துல ரசாயனம் ஊத்தித்தான் செய்யணும், நம்ம வயித்துல அதுக்கு என்சைம் கிடையாது. வெந்தயம் சர்க்கரையை குறைக்கும், அந்த வழில பிசிஓடிக்கு லேசா உதவலாம், அவ்வளவுதான். நெருஞ்சில் டெஸ்டோஸ்டிரோனை ஏத்தும்னு ஜிம் பசங்க டப்பா டப்பாவா வாங்கறாங்க, பல்கேரியாவுல இளம் ஆம்பளைங்களுக்கு குடுத்து 2005ல வெளியிட்ட ஆய்வுல ஒரு அசைவும் இல்ல, நீர்ச்சுருக்குக்கு கஷாயம் வெக்க வேணா வெச்சுக்கட்டும். அதிமதுரம் நிறைய நாள் சாப்பிட்டா பிபி ஏறும், பொட்டாசியம் இறங்கும், கர்ப்பத்துல வேண்டவே வேண்டாம். புதினா மட்டும் கொஞ்சம் சுவாரஸ்யம்: துருக்கில ஒரு ஊர்ல ஆம்பளைங்க புதினா டீ குடிச்சு ஆசையே கொறஞ்சு போச்சுன்னு புகார் சொல்ல, அதை பிடிச்சு ஆராய்ச்சி பண்ணாங்க, முகத்துல முடி வளர்ற பெண்களுக்கு புதினா டீ குடுத்தா ஆண் ஹார்மோன் கொஞ்சம் இறங்குது. 2010ல 42 பெண்களை வெச்சு ஒரு மாசம் பார்த்தப்போவும் ஹார்மோன் இறங்குச்சு, முடி கொறைஞ்ச மாதிரி அளந்து பார்த்தா தெரியல. குடிக்கலாம், தப்பில்ல, உங்களுக்கு மட்டும், அவருக்கு ஊத்தாதீங்க.

சரக்கு சுத்தமா இருக்கறது தனி கதை. தாத்தா கடைக்கு அசோகப்பட்டைன்னு மூட்டை வந்தா அவர் ஒரு துண்டை உடைச்சு, மோந்து, நாக்குல வெச்சு, பாதி மூட்டையை திருப்பி அனுப்புவாரு. ஏன்னா நிஜ அசோகமரம் அருகிப்போச்சு, பள்ளிக்கூட வாசல்ல நெட்டையா நிக்குமே நெட்டிலிங்கம், அதோட பட்டையை அசோகம்னு தள்ளிவிடுவாங்க. இப்போ அரைச்சு டப்பாவுல வரதை எந்த நாக்கு கண்டுபிடிக்கும்? பொடியோட பஸ்பம், செந்தூரம்னு உலோகம், தாதுல செஞ்சதை கலந்து பேர் எழுதாம பொட்டலம் கட்டி குடுத்தா தொடாதீங்க. 2011, 2012ல நியூயார்க்ல ஆறு கர்ப்பிணிங்களுக்கு ரத்தத்துல ஈயம் ஏறி இருக்கறதை கண்டுபிடிச்சாங்க, எல்லாரும் இந்தியாவுல இருந்து வந்த மருந்து சாப்பிட்டவங்க, சிலர் ஆம்பளைப்பிள்ளை வேணும்னு சாப்பிட்டவங்க. ஹரியானாவுல இந்த ஆம்பளைப்பிள்ளை மருந்தை சோதிச்சப்போ ஈஸ்ட்ரோஜன் மாதிரி செடிச்சத்தும் கனஉலோகமும் இருந்துச்சு, சாப்பிட்ட தாய்மார்களுக்கு குறையோட குழந்தை பொறக்கறது கூடுதலா இருந்துச்சு. குழந்தை ஆணா பொண்ணாங்கறது கரு சேர்ற நொடியிலேயே முடிவாயிடுது, அப்புறம் எந்த லேகியம் மாத்தும். குழந்தையின்மையை குணமாக்கும்னு விளம்பரம் பண்றதே 1954ல போட்ட சட்டப்படி குற்றம், ஆனா யூட்யூபை திறந்தா அதுதான் மொதல்ல வருது.

சரி, உங்க கேள்விக்கு வரேன், சேத்து சாப்பிடலாமா. லெட்ரோசோல் எடுக்கிற சுழற்சில மத்த எதுவும் வேண்டாம். மலைவேம்பு குடுக்கிற அதே முதல் மூணு நாள்லதான் உங்க மாத்திரையும் ஆரம்பிக்குது, வாந்தி வந்தா மாத்திரை வெளிய போகும், முட்டை வளரலன்னா எதனாலன்னு யாருக்கும் தெரியாது, வளர்ந்தா பேரு சாறுக்கு போகும். கழற்சிக்காய் வெறும் வயித்துல, தைராக்சினும் வெறும் வயித்துல, இதுவே மோதல். தைராக்சினை எழுந்ததும் தண்ணியோட போட்டுட்டு அரைமணி, முக்கால்மணி சும்மா விடணும், அயச்செந்தூரம் மாதிரி இரும்பு கலந்தது ஏதாவது இருந்தா நாலு மணி நேரம் தள்ளி. டாக்டரம்மா கிட்ட எல்லா பொடி பேரையும் சொல்லுங்க, திட்டுவாங்க, திட்டட்டும், மறைச்சா நஷ்டம் உங்களுக்கு. சித்த வைத்தியமே வேணும்னா பிஎஸ்எம்எஸ் (சித்த மருத்துவப் பட்டம்) படிச்சவங்க கிட்ட போங்க, பெரிய அரசு ஆஸ்பத்திரிங்கள்ல சித்தா பிரிவு இருக்கு, சென்னை வந்தா தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு. உங்க ஸ்கேனையும் பார்த்துட்டு குடுப்பாங்க, எது எதோட சேரக்கூடாதுன்னும் தெரியும்.

மாமியார் கிட்ட சண்டை போடாதீங்க, அவங்க அன்புலதான் அரைக்கிறாங்க. “அத்தை, டாக்டர் மூணு மாசம் எதுவும் கலக்காம பாக்கணும்னு சொல்லியிருக்காங்க”ன்னு டாக்டரம்மா மேல பழியை போட்டுடுங்க, அதுக்குதான டாக்டர் இருக்காங்க. கையில வேலை வேணும்னு அவங்க நினைச்சா முருங்கைக்கீரையும் பாசிப்பயறும் சமைச்சு போடட்டும், “ஃபோலிக் ஆசிட் போட்டியா”ன்னு உங்களை தினம் கேக்கட்டும், நானே சொன்னேன்னு சொல்லுங்க, தினம் 400 மைக்ரோகிராம், கர்ப்பத்துக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும்.

இன்னொண்ணு விட்டுட்டேன். தேதி ஒரு நாள் தள்ளிப்போனாலும் அன்னைக்கே கைல இருக்கிற பொடி, சாறு, லேகியம் எல்லாத்தையும் நிறுத்திட்டு அடுத்தநாள் காலைல கார்டு டெஸ்ட் பண்ணுங்க. “தள்ளிப்போச்சே, வரவெக்கலாம்”னு பப்பாளிக்காயும் எள்ளும் கருஞ்சீரகமும் குடுக்க யாராவது ஒருத்தர் வீட்டுல தயாரா இருப்பாங்க. பழுத்த பப்பாளியை விடுங்க, காயோட பால் எலி கர்ப்பப்பையை இறுக்கி சுருக்கறதை சிங்கப்பூர்ல சோதிச்சே பார்த்திருக்காங்க. பிசிஓடி இருக்கிறவங்களுக்கு தேதி தள்றது சகஜம்ங்கறதால முழுகாம இருக்கறதே தெரியாம இப்படி குடுத்துடுவாங்க, அதனால கார்டுல ரெண்டு கோடு இல்லன்னு கண்ணால பாக்காம எதையும் வாயில வெக்காதீங்க.